சார்ஜ் ஏறாத ட்ரோன் பாட்டரி

மருந்து தெளிக்க ட்ரோன் வாங்கிய இளைஞர்களும் மகளிர் குழுவினரும் அண்மைக்காலமாக எம்மிடம் கேட்பது மருந்தின் அளவைப் பற்றியல்ல. "ஐயா, பாட்டரி சார்ஜே ஏறவில்லை, சார்ஜர் கீச்கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோகிறது" என்பதுதான். விசாரித்தால், தெளிப்பு முடிந்து இரண்டு மாதம் மூலையில் கிடந்த பாட்டரியாக இருக்கும். சார்ஜரைப் பழுதுபார்க்கக் கொடுத்துச் செலவும் செய்திருப்பார்கள். பெரும்பாலும் பழுது சார்ஜரில் இல்லை.

இவை லித்தியம் பாலிமர் பாட்டரிகள். பத்து லிட்டர் தெளிப்பு ட்ரோன்கள் பலவற்றில் 6 செல்கள் தொடராக இருக்கும். ஒரு செல் முழுதும் ஏறினால் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கலாகாது. வெகுவாக இறங்கி அப்படியே கிடந்தால் செல்லின் உள்ளேயிருக்கும் தாமிரத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றுகையில் கரைந்த தாமிரம் கண்ட இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கவும் கூடும். சார்ஜர் மறுப்பது இதற்காகத்தான்.

முதலில் பாட்டரியைக் கையில் எடுத்துப் பார்க்கவும். உப்பியிருந்தாலோ, நசுங்கியிருந்தாலோ, இனிப்பான நெடி வீசினாலோ அதற்குமேல் எதுவும் செய்ய வேண்டாம். நன்றாக இருப்பின், பல ஒயர்கள் சேரும் சிறிய வெள்ளைப் பிளக்கில் செல் செக்கரை மாட்டி ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளக்க வேண்டும். மொத்த வோல்ட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஐந்து செல் நன்றாயிருந்து ஒன்று மட்டும் செத்திருக்கலாம்.

செல்கள் 2.5 முதல் 3 வோல்ட்டுக்குள் இருந்தால், லித்தியம் பாலிமருக்கான பாலன்ஸ் சார்ஜரில், கொள்ளளவில் இருபதில் ஒரு பங்கு மின்னோட்டம் வைத்துப் பார்க்கலாம். 16 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு இது 0.8 ஆம்பியர். திறந்தவெளியில், சிமெண்ட் தரையில் வைத்து, அருகிலேயே இருக்க வேண்டும். அரைமணியில் எல்லாச் செல்களும் 3 வோல்ட்டைத் தாண்டாவிட்டாலும், தொட்டால் சுட்டாலும் நிறுத்திவிடவும். தாண்டினால் கழற்றி ஒரு மணி நேரம் வைத்து, இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே வழக்கமான சார்ஜ். அதற்கும் கீழே போன செல்லுக்கு மருந்தில்லை என்பதே எமது கருத்து.

டிராக்டர் பாட்டரியைப் போல இன்னொன்றிலிருந்து ஒயர் கொடுத்து எழுப்புவதும், சார்ஜரை நிக்கல் பாட்டரிக்கு மாற்றி ஏமாற்றுவதும் சிலர் சொல்லும் உபாயங்கள். இவற்றில் எந்தச் செல் எவ்வளவு ஏறுகிறது என்று சார்ஜர் கவனிப்பதில்லை. நல்ல செல் 4.2-ஐத் தாண்டிப் போய்விடும். வைக்கோலும் சாக்கும் கிடக்கும் கொட்டகையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

தெளிப்பு முடிந்ததும் பாட்டரியை ட்ரோனிலிருந்து கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்தால் சிறுகச் சிறுக வடிந்துகொண்டேயிருக்கும். சூடு ஆறியபின் செல்லுக்கு 3.8 வோல்ட், அதாவது 6 செல்லுக்கு 22.8 வோல்ட் அளவில் நிறுத்தி, நிழலான இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை அளந்து பார்க்கவும். முழுதும் ஏற்றி வைப்பதும் கெடுதலே.

செத்த பாட்டரியைக் குப்பையில் போடலாகாது. முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, விற்பனையாளரிடம் கொடுத்துவிடலாம். பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகள் உற்பத்தியாளர்மீதே வைத்துள்ளன.