மீன் கொண்டு வந்த பாட்டு

சென்ற பருவத்தில் எங்கள் கடல் உயிரியல் வகுப்பார் ஆய்வுப் பயணமாகப் படகேறியபோது, கரை மறையுமுன்னரே பாட்டுத் தொடங்கிவிட்டது. எடுத்த எடுப்பிலேயே 'சுராங்கனி'! நம் மன்றத்து நண்பர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. பேருந்தானாலும் விடுதி மொட்டைமாடியானாலும், நாலு தமிழர் கூடினால் ஐந்தாவதாக வந்து உட்கார்ந்துகொள்ளும் பாட்டு அது. பாடி முடித்ததும் வழக்கமான வழக்கு எழுந்தது. பாட்டில் வரும் மாலு யார்? சுராங்கனியின் தங்கை என்றார் ஒருவர். மாலதியின் சுருக்கம் என்றார் இன்னொருவர். "எல்லாம் உளறல். சந்தத்துக்காகப் போட்ட சொல். இதற்குப் போய்ப் பொருள் தேடுவானேன்?" என்று தீர்ப்பளித்தார் மூன்றாமவர்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் அந்தப் பாட்டுக்குப் பொருள் உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

மாலு பெண்ணன்று, மீன். சிங்களத்தில் மீனுக்கு அதுவே பெயர். மீன் கறியை உள்ளே வைத்துச் சுடும் ரொட்டிக்கு இலங்கைத் தேநீர்க் கடைகளில் இன்றும் 'மாலு பாண்' என்றே பெயர். சுராங்கனி என்பவளுக்கு மீன் வந்திருக்கிறது, அதுவும் இப்போதுதான் கொண்டுவந்த மீன். பல்லவியின் செய்தி இவ்வளவே. நான்காம் வேற்றுமைக்கு நாம் 'கு' சேர்க்கிறோம், சிங்களவர் 'ட' சேர்க்கின்றனர். அந்த உருபும் தெரியாமல் மீனும் தெரியாமல் போனதால், நம்மவர் காதுக்கு எல்லாம் வெறுஞ் சந்தமாகிவிட்டது.

இனி, பாட்டின் பிறப்புக்கு வருவோம். 1970களில் இதைத் தமிழும் சிங்களமும் கலந்து பாடிப் பரப்பியவர் ஏ. ஈ. மனோகரன். 'சிலோன் மனோகர்' என்று தமிழகம் அறிந்தவர் இவரே. பின்னர்த் தமிழ்ப் படங்களில் நடித்தார். 2018 சனவரியில் சென்னையில் காலமானார். அந்நாளில் இலங்கைத் தமிழிளைஞரிடையே 'பொப்' இசை என்றொரு புதுவெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினமும் அவ்வெள்ளத்தில் முன்னே நீந்தியவர். கிட்டாரைக் கையிலெடுத்த இவர்கள் தாளத்துக்காக மேனாட்டுக்குப் போகவில்லை. கையெட்டும் தூரத்தில் பைலா இருந்தது.

பைலாவின் கதை பாட்டைவிடச் சுவையானது. 1505-இல் போர்த்துக்கேயர் இலங்கையில் இறங்கினர். 1658 வரை கரையோரம் அவர்கள் கையில் இருந்தது. ஆப்பிரிக்கரைப் படைவீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் வாழ்கின்றனர். கொண்டுவந்தவனின் இசையும் கொண்டுவரப்பட்டவனின் தாளமும் கலந்து 'கஃப்ரிஞ்ஞா' என்ற ஆடற்பாட்டு உண்டாயிற்று. ஆண்டவர்கள் போய்விட்டனர், ஆட்டம் தங்கிவிட்டது! 1940களில் வாலி பஸ்தியன் என்ற காவல்துறைக்காரர் இந்த மெட்டுகளில் சிங்களச் சொற்களை ஏற்றிப் பாட, பைலா பொதுமக்கள் சொத்தாயிற்று. போர்த்துக்கேய மொழியில் ஆடுதல் என்பதைக் குறிக்கும் சொல்லே இப்பெயருக்கு வேர்.

அதன் தாளத்தை அறிய இசைக் கல்லூரிக்குப் போக வேண்டா. 'தகிட தகிட' என்று ஆறு எண்ணுங்கள். ஒவ்வொரு 'த'வுக்கும் கை தட்டுங்கள். காலிரண்டுக்கும் எண்ணிக்கை மூன்று மூன்றாக வருவதால் உடல் இப்படியும் அப்படியுமாகச் சாய்ந்தே தீரும். அலையில் படகு ஆடுவதும் ஏறத்தாழ இப்படித்தான். படகில் இந்தப் பாட்டு நமக்கு முதலில் நினைவுக்கு வருவதற்கு அதுவே காரணமோ என்று நான் ஐயுறுவதுண்டு. நிறுவ இயலாது, விட்டுவிடுகிறேன்.

1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற படத்தில் இளையராஜா இப்பாட்டை எடுத்தாள, மலேசியா வாசுதேவன் பாடினார். இலங்கையில் விளைந்த பாட்டு, மலேசியாவில் பிறந்த குரலில் தமிழகம் முழுவதும் பரவிற்று. நம்மிற் பலர் அறிந்தது இந்த வடிவமே.

ஆனால் என் அப்பாயிக்கு இது படத்துப் பாட்டன்று. அவர் பிறந்தது கேகாலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்து லயத்தில். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவரைப் போன்ற மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்பாடு 9,75,000 பேரைப் பங்கு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்று! அந்த மிச்சத்தையும் 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். சந்தையில் மீனைக்கூட இவ்வளவு எளிதாகக் கூறு கட்டமாட்டார்கள். அப்பாயி தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, கடைசியில் நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். மறுபடியும் பால் வெட்டு. மறுபடியும் ஒரு தீவு.

அங்கே ஒருநாள் இரவு, பக்கத்து வீட்டு வானொலிப் பெட்டியில் இலங்கை நிலையம் இரைச்சலோடு கிடைக்க, இந்தப் பாட்டு வந்ததாம். அரிசி களைந்துகொண்டிருந்தவர் கை அப்படியே நின்றுவிட்டதாம். பாட்டுக்காகவா? இல்லை, மாலுவுக்காக. தோட்டத்துக்குச் சைக்கிளில் பெட்டி கட்டி வரும் சிங்கள மீன்காரர் லயத்து முனையில் நின்று கூவும் சொல் அது. அவருக்குத் தமிழ் அரைகுறை. இவர்களுக்குச் சிங்களம் அரைகுறை. இரண்டு அரைகுறையும் சேர்ந்து பேரம் முழுமையாக நடந்திருக்கிறது. 'சுராங்கனி'யின் இருமொழிக் கலப்பை இலக்கணப் பிழையென்று எள்ளுவோர், அத்தகைய ஒரு மீன்பெட்டியின் முன் நின்றிராதவர் என்பது என் துணிபு. நாமும் ஜங்லிகாட் மீன்துறையில் இந்தியும் தமிழும் தெலுங்கும் வங்காளமுமாகப் பேசித்தானே விலை குறைக்கிறோம்?

விடுமுறையில் கச்சால் சென்றபோது படகில் நடந்த வழக்கை அப்பாயியிடம் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். "மாலுன்னா மீனுடா தம்பி! இதுகூடத் தெரியாமயா மீனப் பத்திப் படிக்கிறீங்க?" என்றார். என்ன மீன் வரும் அப்பாயி என்று கேட்டேன். "சம்பளத்துக்கு முந்தி சாளை. சம்பளத்தன்னைக்கும் பெரும்பாலும் சாளைதான்."

சாளைக்குச் சிங்களத்தில் 'சாலயா' என்று பெயர். திரும்பி வந்ததும் இதையெல்லாம் அந்த மூன்று நண்பர்களிடமும் எடுத்துரைத்தேன். இருவர் ஒப்புக்கொண்டனர். மாலதி கட்சிக்காரர் மட்டும் இன்னும் தம் கொள்கையை விடவில்லை.