பழைய சைக்கிளும் புதிய பல்சக்கரமும்

அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்த ஹெர்குலிஸ் போன்ற பழைய வண்டிகளில், மிதிப்பதை நிறுத்திய பின்னும் சக்கரத்தை உருளவிடும் ஃப்ரீவீல், பின்சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் மரையில் திருகப்பட்டிருக்கும். அம்மரை 1.37 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 சுற்றும் கொண்ட பிரிட்டிஷ் அளவாதலால், அதே மரையுள்ள எந்த நிறுவனத்தின் ஃப்ரீவீலும் அதில் ஏறும். பிரெஞ்சு மரை வேறு. வலிந்து திருகினால் ஹப்பே பாழாகும்.

ஷிமானோ நிறுவனம் 1978இல் கொண்டுவந்த கேசட் ஹப்பிலோ, உருளவிடும் பொறி ஹப்புடனேயே இணைந்திருக்க, அதன் நீளவாட்டுப் பள்ளங்களில் பல்சக்கரத் தொகுதி மட்டும் செருகப்படுவதால், ஒன்றுக்குரியது மற்றொன்றில் பொருந்தாது. ஹப்பையே மாற்றலாமென்றால், பழைய சட்டத்தின் பின்கவை பெரும்பாலும் அதற்குக் குறுகல். கடைக்குச் செல்பவர் பழைய சக்கரத்தைக் கையோடு கொண்டுசெல்வதே நல்லது.