கல்லிலே பொறித்த கூலி

பல்லேபொலவிலே சூடடிப்பு முடிந்து, களத்தில் நெல் அளக்கும் காட்சியைக் காணுந்தோறும் என் பாட்டனார் நினைவுக்கு வருவார். மாத்தளைத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவர் அவர். "அரிசியை அளந்து கொடுத்தார்கள், விலையைக் கூலியிலே பிடித்தார்கள்" என்பார்.

அச்சொல் நெஞ்சில் நிற்க, சென்ற ஆண்டு யாழ்ப்பாணப் பெருந்தெரு வழியே வடக்கே தம்புள்ளையைக் கடந்து மிகிந்தலை சென்றேன். அங்கே நான்காம் மகிந்த மன்னன் (956–972) பொறிப்பித்த இரு கற்பலகைகள் நிற்கின்றன. ஊர்களும் வயல்களும் உடைய பெரும் பண்ணையாக விளங்கிய விகாரையின் நிருவாக விதிகள் அவை. மருத்துவர், சமையற்காரர், குயவர், வண்ணார், தச்சர், சுண்ணாம்பு சுடுவோர் என ஊழியர் பட்டியல் நீள்கிறது. இன்னார்க்கு இவ்வளவு நிலம், இவ்வளவு அரிசி என்ற வரையறையும் உண்டு. அன்றாடச் செலவை ஏட்டிலே பதிந்து, ஆண்டு முடிவில் சங்கத்தார்முன் கணக்கு வைத்தல் வேண்டும் என்பதும் விதி.

அன்னசாலையிலே சோறும் கஞ்சியும் நிறைத்த நீண்ட கற்றொட்டிகளை இன்றும் காணலாம். சுண்ணாம்பு சுட்டவனின் மண் குடிசையோ மழையிலே கரைந்து போயிற்று.

அதனைப் பொற்காலம் என்று மயங்க வேண்டா. 'திவெல்' எனப்பட்ட அந்நிலம் ஊழியத்துக்கு ஈடாகவே வழங்கப்பட்டது. கடலுக்கு அப்பாலும் நிலை வேறன்று. 1010இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இறையிலி நிலங்களை எண்ணுமிடத்துப் பறைச்சேரியைத் தனியே குறிக்கின்றன. உழைத்தவன் குடியிருப்பு ஒதுங்கியே இருந்தது.

எனினும் ஒன்று என்னை உறுத்துகிறது. 19ஆம் நூற்றாண்டிலே மன்னாரிலிருந்து காட்டுவழியே கால்நடையாக மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர்க்கும் அரிசி அளக்கப்பட்டது, நிலம் அளக்கப்படவில்லை. படுத்துறங்கிய லயத்து அறையும் தோட்டத்துக்கே உரியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் விகாரைக் குயவனுக்கு வாய்த்த ஒரு துண்டு வயல்கூட அவர்களுக்கு வாய்க்கவில்லை.

மன்னர் பெயர்களை மாணவர்க்கு மனனம் செய்விக்கும் ஆசிரியர்கள், அந்தக் குயவனின் கூலியையும் ஒருநாள் வகுப்பிலே கூறுவார்களாக. என் பாட்டனார் சொன்ன சொல்லின் பொருள் அன்று அவர்களுக்கு விளங்கும்.