இங்கிலாந்தின் உள்ளூராட்சித் தேர்தல்: பிரித்தானியக் குடியுரிமை இல்லாத நமக்கும் வாக்கு உண்டு

இங்கிலாந்தில் வாழும் நம்மவர் சிலரிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பிரித்தானியக் கடவுச்சீட்டு கைக்கு வரும்வரை அங்கு எந்தத் தேர்தலிலும் வாக்களிக்க முடியாது என்பதே அது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இலங்கை பொதுநலவாய நாடுகளில் ஒன்று. ஆகவே 18 வயது நிறைந்த, சட்டப்படி தங்கியிருக்க அனுமதி பெற்ற இலங்கைக் குடிமகன் எவரும் வாக்காளராகப் பதிவு செய்யலாம். அகதியாக ஏற்கப்பட்டு வதிவிட அனுமதி கிடைத்தவர், வேலை வீசாவில் இருப்பவர், மாணவர் என எல்லோரும் இதில் அடங்குவர். புகலிடக் கோரிக்கைக்கு முடிவு வராமல், வேறு அனுமதியும் இல்லாமல் காத்திருப்பவருக்கு மட்டும் இந்த உரிமை இல்லை.

இந்த உரிமையின் பெறுமதி என்ன? லண்டனுக்குத் தென்மேற்கே, சரே கவுண்டியில் உள்ள வோக்கிங் மாவட்டத்தின் கதை அதைச் சொல்லும்.

இங்கிலாந்தின் பல பகுதிகளில் உள்ளூராட்சி இரண்டு அடுக்காக இயங்கி வந்திருக்கிறது. பாடசாலைகள், வீதிகள், முதியோர் பராமரிப்பு, நூலகங்கள் ஆகியவை மேலே உள்ள கவுண்டி சபையின் பொறுப்பு. குப்பை அகற்றல், சபை வீடுகள், வீடற்றோருக்கான உதவி, கட்டட அனுமதி, கடைகளில் மதுபானம் விற்பதற்கான உரிமம், உணவகச் சுகாதாரப் பரிசோதனை ஆகியவை மாவட்ட சபையின் கையில். சிறுகடை நடத்துபவருக்கும், ஒற்றை அறையில் குடும்பத்தோடு இருந்துகொண்டு சபை வீட்டுக்காகப் பெயர் கொடுத்திருப்பவருக்கும் பாராளுமன்றத்தை விட இந்தச் சபையோடுதான் அலுவல் அதிகம்.

வோக்கிங் சபையில் 10 வட்டாரங்கள். வட்டாரத்துக்கு 3 பேராக மொத்தம் 30 உறுப்பினர்கள். எல்லோரையும் ஒரே நாளில் தெரிவு செய்யும் வழக்கம் அங்கு இருக்கவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் மூன்றில் ஒரு பகுதியினரே தெரிவாகி வந்தனர். இலங்கையில் உள்ளது போன்ற விகிதாசாரப் பட்டியல் அங்கு கிடையாது. வட்டாரத்தில் கூடுதல் வாக்கு எடுத்தவர் வெல்வார், அவ்வளவுதான். உள்ளூராட்சித் தேர்தல்களில் வாக்களிப்போர் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கினரே என்பதால், சில பத்து வாக்குகளில் முடிவு மாறும் வட்டாரங்கள் உண்டு.

இந்தச் சபை நகர மையத்தில் உயரமான அடுக்குமாடிகளையும் ஹோட்டலையும் கொண்ட பெரும் கட்டடத் திட்டத்துக்காகவும் வேறு முதலீடுகளுக்காகவும் பல ஆண்டுகளாகக் கடன் வாங்கியது. 2022 மே தேர்தலில் லிபரல் ஜனநாயகக் கட்சியினர் சபையைக் கைப்பற்றினர். அடுத்த ஆண்டு, 2023 ஜூனில், வரவு செலவைச் சமன்செய்ய முடியாது என்ற சட்டபூர்வ அறிவித்தலைச் சபை வெளியிட்டது. எதிர்பார்க்கப்பட்ட பற்றாக்குறை சுமார் 1.2 பில்லியன் பவுண். அந்த ஆண்டு சபையிடம் இருந்த அடிப்படை நிதியோ 16 மில்லியன் பவுண் மட்டுமே.

அதன் சுமை யார் தலையில் விழுந்தது? 2024 இல் மாவட்ட சபைக்குரிய வரி 10 வீதம் கூட்டப்பட்டது. பொதுக் கழிப்பறைகள் போன்ற சிறு சேவைகளும் வெட்டுக்கு உள்ளாகின. கடன் எடுக்கத் தீர்மானித்தபோது வாக்களிக்காமல் வீட்டில் இருந்தவரும் வரி கட்டினார். வாக்கு இருப்பதே தெரியாமல் இருந்தவரும் கட்டினார்.

சரே கவுண்டியில் இரண்டு அடுக்கு முறையை நீக்கி, 2027 ஏப்ரல் முதல் கிழக்கு, மேற்கு என இரண்டு சபைகளை அமைப்பதாக அரசு 2025 ஒக்டோபரில் அறிவித்தது. வோக்கிங் மேற்குச் சபைக்குள் போகிறது. வோக்கிங்கின் கடனில் 500 மில்லியன் பவுணை அரசு பொறுப்பேற்பதாகவும் கூறியது. மிகுதிக் கடன் அழியாது. புதிய சபையோடு சேர்ந்தே போகும்.

இனி நடைமுறை. பதிவை இணையத்தில் சில நிமிடங்களில் செய்யலாம். தேசிய காப்புறுதி இலக்கத்தைக் கேட்பார்கள். தேர்தலுக்கு 12 வேலைநாட்களுக்கு முன்னர் பதிவு முடிந்துவிடும். வாக்களிப்பு வழமையாக மே மாத வியாழக்கிழமை ஒன்றில், காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை நடைபெறும். 2023 முதல் புகைப்பட அடையாளம் கட்டாயம். இலங்கைக் கடவுச்சீட்டும் ஏற்கப்படும். கடவுச்சீட்டே இல்லாதவர் வாக்காளர் சான்றிதழுக்கு இலவசமாக விண்ணப்பிக்கலாம்.

பெயரைப் பதிந்தால் யார் கண்ணில் படுமோ என்ற பயம் நம்மவரிடம் இருப்பது இயல்பு. வாக்காளர் இடாப்பில் இரண்டு வகை உண்டு. யாரும் விலைக்கு வாங்கக்கூடிய திறந்த இடாப்பில் தன் பெயர் வேண்டாம் என்று பதியும்போதே சொல்லலாம். பாதுகாப்புக்கு ஆபத்து இருப்பதை ஆதாரத்தோடு காட்டக்கூடியவர் பெயர் வெளியிடாமல் பதிவு செய்யவும் வழி உண்டு.

தாயகத்தில் 2023 மார்ச்சில் நடந்திருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்கு 2025 மே வரை மக்கள் காத்திருந்தார்கள். தேர்தல் இல்லாத சபை என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. இங்கிலாந்தில் உள்ள உங்கள் உறவினரிடம் அடுத்த முறை பேசும்போது, இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று ஒருதடவை கேளுங்கள்.