கருமான் மகனும் கரும்பலகையும்

கடன் வாங்கிக் கட்டணம் கட்டித் தன் பிள்ளையைப் பொறியியற் கல்லூரிக்கு அனுப்புகிறான் தொழிலாளத் தோழன். அங்கே மின்சாரமும் காந்தமும் எப்படிக் கற்பிக்கப்படுகின்றன?

கரும்பலகை நிறையச் சமன்பாடுகள்! ஆசிரியர் எழுதுகிறார், மாணவர் படியெடுக்கிறார். காந்தமும் கம்பிச் சுருளும் ஆய்வுக்கூட அலமாரியிலே தூங்குகின்றன. விளங்காத பிள்ளை, 'எனக்கு மூளையில்லை' என்று ஒடுங்கிப் போகிறான். குற்றம் அவனுடையதா? இல்லை என்கிறோம் நாம்.

இந்த அறிவியல் கரும்பலகையிலா பிறந்தது? மைக்கேல் பாரடே யார்? இங்கிலாந்து நாட்டுக் கருமான் மகன்! 14 வயதிலே புத்தகம் கட்டும் தொழில் பழகச் சென்றவர்; உயர்கணிதம் கல்லாதவர். 1831இல் கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைச் செலுத்தினார். கருவியின் முள் அசைந்தது. காந்தத்தை நிறுத்தினார்; முள் பழைய இடத்துக்கே திரும்பியது. அசைவிலே பிறக்கிறது மின்சாரம் என்று கண்டார்.

பாரடேயின் கருத்துகளுக்குக் கணித வடிவம் தந்தவர் மாக்ஸ்வெல். 1865இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலே 20 சமன்பாடுகள். பின்னர் அவற்றை நான்காகச் சுருக்கித் தந்தவர்களில் முதல்வர் ஆலிவர் ஹெவிசைடு. அவர் யார்? 16 வயதோடு பள்ளியை விட்டவர். தந்தி அனுப்பும் வேலை பார்த்தவர்! உழைக்கும் கைகள் தொட்டு வளர்த்த அறிவியல், உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு எட்டாக்கனியாவதா?

கணிதம் வேண்டாம் என்கிறோமா? இல்லை. கை முந்தட்டும், கணக்குப் பிந்தட்டும் என்கிறோம்.

பாரடே விதியிலே ஒரு கழித்தல் குறி உண்டு. மாணவர் அதை மனப்பாடமாக எழுதுவார். பொருள் கேட்டால் விழிப்பார். கையால் சுழற்றும் சிறு டைனமோ ஒன்றை அவரிடம் கொடுங்கள். விளக்கை இணைக்காமல் சுழற்றட்டும்; எளிதாகச் சுழலும். விளக்கை இணைத்துச் சுழற்றட்டும், கை கனக்கும். சுருளிலே பிறந்த மின்னோட்டம், தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பை மீறிச் செய்யும் உழைப்பே ஒளியாகிறது. கையிலே உணர்ந்த அந்தக் கனம்தான் கழித்தல் குறி! உழைப்பின்றி ஒளியில்லை என்று இயற்கை இட்ட கையெழுத்து அது.

இதைக் கையால் உணர்ந்த மாணவன் 'ஏன்?' என்று கேட்பான். அப்போது எழுதுங்கள் சமன்பாட்டை; அது அவன் நெஞ்சிலே நிற்கும்.

கல்லூரிகளே, அலமாரியைத் திறங்கள்! பெற்றோராகிய தோழர்களே, பிள்ளை வீடு திரும்பியதும் மதிப்பெண்ணை மட்டும் கேளாதீர், "காந்தத்தைக் கையில் எடுத்தாயா?" என்றும் கேளுங்கள்!