ஒருவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை

திருவொற்றியூரில் ஓர் இளந்தம்பதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். எண்ணூர் சாலையில் வண்டிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால், அவர் வீடு திரும்ப இரண்டு நாள்கூட ஆகும். மணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. குழந்தை வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. ஒரு நாள் லாரி ஓட்டுநர்களுக்கான மருத்துவ முகாமில் அவர் இரத்தம் கொடுக்கிறார். எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிகிறது. மனைவிக்கும் சோதனை செய்கிறார்கள். அவருக்குக் கிருமி இல்லை.

ஆலோசகரின் முன்னால் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நீண்ட நேரத்துக்குப் பிறகு மனைவி கேட்கிறார்: "நாங்க இனிமே சேர்ந்து வாழலாமா?"

இந்தத் தம்பதி கற்பனை. கேள்வி கற்பனை அன்று. கணவனுக்கு இல்லாமல் மனைவிக்கு மட்டும் தொற்று இருக்கும் குடும்பங்களும் உண்டு. அரசு மகப்பேறு மருத்துவமனைகளில் கருவுற்ற பெண்களுக்குச் செய்யும் வழக்கமான இரத்தச் சோதனையில் பலருக்கு இது தெரிய வருகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோர் சுமார் 25 இலட்சம் பேர் என்பது 2023ஆம் ஆண்டின் மதிப்பீடு. ஆகவே இக்கேள்விக்கு அறிவியல் தரும் விடையை நாம் அனைவரும் தெரிந்துகொள்வது நல்லது.

அன்று விடை இல்லை

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் அதனைக் கண்டறிந்தார்கள். அந்த நாளில் இத்தகைய தம்பதி வந்திருந்தால், "ஆணுறை பயன்படுத்துங்கள், அல்லது விலகி இருங்கள்" என்பதற்கு மேல் எந்த மருத்துவராலும் சொல்ல முடிந்திராது. குழந்தைப் பேச்சை எடுக்கவே முடியாது.

"இரண்டு ஆண்டு வாழ்ந்தும் மனைவிக்கு எப்படித் தொற்றவில்லை?" என்று நீங்கள் வியக்கலாம். இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறை உறவு கொள்ளும்போதும் இக்கிருமி தொற்றிவிடுவதில்லை. ஆணிடமிருந்து பெண்ணுக்கு உடலுறவின் வழியே தொற்றும் வாய்ப்பு, சராசரியாக ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவே. ஆனால் இல்வாழ்க்கை ஒரு நாள் கணக்கன்று. ஆண்டுகள் கூடக் கூட அபாயமும் கூடும். இரத்தத்தில் கிருமி பெருகியிருந்தாலோ, பால்வினை நோய்ப் புண்கள் இருந்தாலோ அது பன்மடங்காகும். ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே பாயில் படுப்பதாலோ, குழந்தையைக் கொஞ்சுவதாலோ இது தொற்றாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவோம்.

முதல் காவல்: சிகிச்சையே தடுப்பு

எச்.ஐ.வி.க்கு எதிரான கூட்டு மருந்துகளை நாள்தோறும் உட்கொண்டால் இரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கை சரசரவென்று குறைகிறது. கிருமி குறைந்தால் பிறருக்குத் தொற்றுவதும் குறையுமா? இதை அறிய ஒன்பது நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடைபெற்றது. அதன் பெயர் எச்.பி.டி.என். 052. சென்னையும் புனேயும் அந்த ஆய்வில் இடம்பெற்றன. சென்னைப் பணியைச் செய்தது, டாக்டர் சுனிதி சாலமன் 1993இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனம்.

ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1,763 தம்பதிகள் அதில் பங்கு பெற்றனர். ஏறத்தாழ ஒரு பாதிப் பேருக்கு உடனே மருந்து கொடுத்தார்கள். மறு பாதிக்கு அன்றைய வழக்கப்படி, எதிர்ப்பு ஆற்றல் குறைந்த பிறகு கொடுத்தார்கள். 2011இல் வெளியான முடிவைப் பாருங்கள். துணைவரிடமிருந்தே வந்தது என உறுதியான தொற்றுகள் 28. அவற்றுள் 27 காலந்தாழ்த்தி மருந்து பெற்ற பிரிவில் நேர்ந்தவை. உடனே மருந்து பெற்ற பிரிவில் ஒன்றே ஒன்று!

பிறகு ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகள் மேலும் ஒரு படி சென்றன. மருந்தினால் கிருமி அடங்கிய நிலையில் ஆணுறையின்றி வாழ்ந்த தம்பதிகளை அவை கவனித்தன. 2016இலும் 2019இலும் முடிவுகள் வெளிவந்தன. துணைவரிடமிருந்து தொற்றியவர் ஒருவர்கூட இல்லை. சோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி அடங்கிவிட்டால், உடலுறவின் வழியே அது பிறருக்குத் தொற்றுவதில்லை என்பது இன்று உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை.

இந்தியாவில் அரசு இம்மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது 2004இல். 2017 முதல், தொற்று உறுதியானவுடனேயே எல்லோருக்கும் மருந்து என்பது நாட்டின் கொள்கை. வடசென்னை மக்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது.

இடைவெளி எங்கே?

அப்படியானால் கணவருக்கு மருந்து கொடுத்துவிட்டால் போதாதா? இங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும்.

இன்று மருந்தைத் தொடங்கினால் நாளையே கிருமி அடங்கிவிடாது. அதற்குச் சில மாதங்கள் ஆகும். பாதுகாப்பாக ஆறு மாதம் என்று கணக்கிடுவது வழக்கம். சென்னையும் பங்கு பெற்ற அந்த ஆய்விலேயே, ஒருவர் மருந்து தொடங்கிய பிறகும் துணைவருக்குத் தொற்றிய சில நிகழ்வுகள் உண்டு. ஆராய்ந்தபோது அவை இரண்டே வகையில் அடங்கின. ஒன்று, கிருமி அடங்குவதற்கு முன்பு நேர்ந்தவை. மற்றொன்று, மருந்து பலிக்காமல் கிருமி மீண்டும் தலைதூக்கிய பின் நேர்ந்தவை.

நம் லாரி ஓட்டுநரை எண்ணிப் பாருங்கள். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவரையும் எண்ணிப் பாருங்கள். டீசலையும் ஐஸ் கட்டியையும் மறவாமல் ஏற்றுகிறவர், நண்பர்கள் கேட்பார்களே என்று மாத்திரை டப்பாவை வீட்டிலேயே விட்டுப் போகலாம். அவர் மருந்து உண்டாரா இல்லையா என்பது மனைவிக்குத் தெரியாது. ஆணுறை அணிவதும் அவர் கையில்தான். மனைவியின் உடல்நலம் முழுவதும் வேறொருவர் கையில் இருக்கிறது. அவர் தம் கையிலேயே வைத்துக்கொள்ளக்கூடிய காவல் ஏதும் உண்டா?

இரண்டாம் காவல்: தொற்று இல்லாதவருக்கு மாத்திரை

உண்டு. தொற்று இல்லாதவர் நாள்தோறும் உண்ணும் தடுப்பு மாத்திரை அது. 'பிரெப்' என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்வார்கள். டெனோஃபோவிர் என்ற மருந்தும், எம்ட்ரிசிட்டபின் அல்லது லாமிவுடின் என்ற மருந்தும் ஒரே மாத்திரையில் சேர்ந்திருக்கும். இவை சிகிச்சைக்கும் பயன்படும் மருந்துகளே.

இது எவ்வாறு வேலை செய்கிறது? இராயபுரம் பக்கம் துறைமுகத்துக்குச் செல்லும் சரக்கு ரயிலைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வேகனுக்கும் முன்னால் ஒரு கொக்கி, பின்னால் ஒரு கொக்கி. ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகலாம். எச்.ஐ.வி. கிருமியும் இப்படி ஒரு தொடரைக் கோத்தாக வேண்டும். அதனிடம் இருப்பது ஆர்.என்.ஏ. என்ற மரபுப் பொருள். நம் இரத்த வெள்ளணுவினுள் நுழைந்ததும், அந்த ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டி.என்.ஏ. தொடர் ஒன்றை அது படியெடுக்கிறது. இந்த வேலையைச் செய்வது ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்னும் நொதி. கோத்து முடித்த தொடர் நம் அணுவின் மரபுப் பொருளோடு கலந்துவிட்டால், அதன் பிறகு அதை வெளியேற்ற வழியில்லை. தொற்று நிலைத்துவிடும்.

டெனோஃபோவிர், பின்கொக்கி இல்லாத ஒரு வேகன். பார்வைக்கு மற்ற வேகன்களைப் போலவே இருக்கும். நொதி ஏமாந்து அதைத் தொடரில் கோத்துவிடும். அடுத்த வேகனை மாட்ட இடமில்லை! தொடர் பாதியில் நின்றுவிடும், கிருமி நிலைபெறாது. கிருமி நுழைவதற்கு முன்பே இந்தப் போலி வேகன்கள் அணுக்களில் நிறைந்திருக்க வேண்டும். அதனால்தான் நாள்தோறும் மாத்திரை.

கென்யாவிலும் உகாண்டாவிலும் 4,700க்கும் மேற்பட்ட தம்பதிகளிடம் இது சோதிக்கப்பட்டது. 2012இல் வெளியான முடிவின்படி, இரு மருந்துகள் சேர்ந்த மாத்திரை தொற்றை 75 விழுக்காடு குறைத்தது. ஒழுங்காக உண்டவர்களுக்குக் காவல் இதைவிட மிகுதி. அதே காலத்தில் ஆப்பிரிக்கப் பெண்களிடையே நடந்த வேறோர் ஆய்வில் பயன் ஏதும் தெரியவில்லை. காரணம் என்ன? பெரும்பாலானவர் இரத்தத்தில் மருந்தே இல்லை! டப்பாவில் இருக்கும் மாத்திரை யாரையும் காப்பதில்லை.

பாலம் போல

மிகப் பயனுள்ள முறை இவ்விரு காவலையும் இணைப்பதே. தொற்றுள்ளவர் சிகிச்சையைத் தொடங்குகிறார். அவருடைய கிருமி அடங்கும் வரை மற்றவர் தடுப்பு மாத்திரை உண்கிறார். சிகிச்சை ஆறு மாதம் ஒழுங்காக நடந்து, கிருமி அடங்கியது சோதனையில் தெரிந்த பின் மருத்துவரைக் கேட்டு மாத்திரையை நிறுத்தலாம். ஆற்றைக் கடக்கும் வரை பாலம். கடந்த பின் பாலம் வேண்டாம். கென்யாவிலும் உகாண்டாவிலும் 1,013 தம்பதிகளிடம் இம்முறையைக் கையாண்டார்கள். காவல் இன்றேல் சுமார் 40 பேருக்குத் தொற்று நேர்ந்திருக்கும் எனக் கணக்கிட்டிருந்தனர். 2016இல் வெளியான முடிவில் தொற்றியவர் இருவரே.

குழந்தை விரும்பும் தம்பதிக்கு இது பெரும் உதவி. கணவரின் கிருமி அடங்கிய பிறகு, வேண்டுமானால் மனைவி மாத்திரையின் காவலிலும் இருந்துகொண்டு, இயற்கையாகவே கருவுறலாம். தாய்க்குத் தொற்று இல்லையெனில் பிள்ளைக்கும் இல்லை.

கவனிக்க வேண்டியவை

இம்மாத்திரையை மருந்துக் கடையில் தாமாக வாங்கி உண்ணலாகாது. தொடங்குமுன் எச்.ஐ.வி. சோதனை கட்டாயம். புதிதாகத் தொற்றியவருக்குச் சில வாரங்கள் சோதனையில் தெரியாமலும் இருக்கலாம். ஆதலால் மறுபடியும் சோதிக்க வேண்டும். தொற்று இருப்பது அறியாமல் இரு மருந்துகளை மட்டும் உண்டால், அவற்றுக்கு அடங்காத கிருமி தோன்றிவிடும். சிறுநீரகம் சீராக இயங்குகிறதா, ஹெபடைட்டிஸ் பி உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எச்.ஐ.வி. சோதனை தொடர வேண்டும். முதல் நாளே காவல் கிடைத்துவிடாது. பெண்களுக்கு ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை ஆகலாம். தொடக்கத்தில் சிலருக்குக் குமட்டலும் தலைவலியும் வரும்; பெரும்பாலும் சில வாரங்களில் மறையும். மேகப்புண், வெட்டை போன்ற பிற பால்வினை நோய்களை இது தடுக்காது. அவற்றுக்கு ஆணுறையே காவல்.

நாள்தோறும் மாத்திரை உண்ண இயலாதவர்களுக்கு மற்றொரு வழியும் வந்துள்ளது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் லெனகாபவிர் என்ற ஊசி அது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் இவ்வூசியைப் பரிந்துரைத்தது.

கைக்கெட்டும் தூரத்தில்

தடுப்பு மாத்திரை ஒன்றும் புதிய கனவு அன்று. கடும் அபாயத்தில் இருப்போர் அனைவருக்கும் இதை வழங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே கூறியது. உலகம் உண்ணும் எச்.ஐ.வி. மருந்துகளில் பெரும்பகுதி இந்தியத் தொழிற்சாலைகளில் உருவாகிறது. ஆயினும், சிகிச்சை மருந்தைப் போல எல்லா அரசு மையங்களிலும் கேட்டவுடன் கிடைக்கும் நிலையைத் தடுப்பு மாத்திரை நம் நாட்டில் இன்னும் எட்டவில்லை. சிகிச்சை தரும் அதே மையத்தில், கணவருக்கான மருந்தோடு மனைவிக்கான தடுப்பு மாத்திரையும் கிடைக்குமானால் பாலம் முழுமை பெறும். தொற்றுள்ளவரை மட்டும் நோயாளியாகப் பார்க்கும் முறை போய், தம்பதியை ஒரு குடும்பமாகப் பார்க்கும் முறை வர வேண்டும்.

உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ ஐயம் இருந்தால், அரசு மருத்துவமனைகளில் உள்ள 'நம்பிக்கை மையம்' சென்று கேளுங்கள். சோதனை இலவசம். 1097 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். உங்கள் விவரத்தை வெளியே சொல்வதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது.

திருவொற்றியூர்ப் பெண்ணின் கேள்விக்கு இப்போது நாமே விடை சொல்லலாம். சேர்ந்து வாழலாம் அம்மா, பிள்ளையும் பெறலாம். அவர் தம் மாத்திரையை ஒரு நாளும் தவறாமல் உண்ணட்டும். அவருடைய கிருமி அடங்கும் வரை உங்களுக்கும் ஒரு மாத்திரை வேண்டும். அதைக் கேட்டுப் பெறுங்கள்.