லினக்ஸ் கருனியின் அகச்சிவப்புச் சாதன இயக்கிகள்

லினக்ஸ் கருனியின் அகச்சிவப்புச் சாதன இயக்கிகள் என்பன, அகச்சிவப்பு ஒளித் துடிப்புகளைப் பெறவும் அனுப்பவும் வல்ல வன்பொருள்களை லினக்ஸ் இயங்குதளத்துடன் இணைக்கும் மென்பொருள் பகுதிகளாகும். தொலைக்காட்சி ரிமோட்டின் பொத்தானை அழுத்தும்போது கணினி அதனை ஒரு விசையழுத்தமாகப் புரிந்துகொள்வது இவற்றின் வழியாகவே. ஒரு காலத்தில் மடிக்கணினிகளும் கைப்பேசிகளும் கம்பியின்றித் தரவைப் பரிமாறிக்கொள்ளவும் அகச்சிவப்பு பயன்பட்டது. இவ்விரு பயன்பாடுகளுக்கும் கருனியில் தனித்தனி இயக்கித் தொகுதிகள் இருந்தன. முதலாவது இன்றும் பராமரிக்கப்பட்டு வருகின்றது. இரண்டாவது 2018 ஆம் ஆண்டு கருனியிலிருந்து நீக்கப்பட்டது. ஒரே வகை ஒளியைப் பயன்படுத்திய இரண்டில் ஒன்று நிலைத்து மற்றொன்று மறைந்தமைக்கு, தொழில்நுட்பத்தைக் காட்டிலும் பராமரிப்பே பெரும் காரணம் எனலாம்.

ரிமோட்டிலிருந்து வரும் சைகை

ரிமோட்டின் முனையில் உள்ள ஒளியுமிழ் இருமுனையம் தொடர்ச்சியாக ஒளிர்வதில்லை. அது நொடிக்கு ஏறத்தாழ 36,000 முதல் 40,000 முறை வரை அணைந்து எரிகின்றது. சூரிய ஒளி, குழல்விளக்கு போன்றவற்றிலும் அகச்சிவப்பு கலந்திருப்பதால், அவற்றிலிருந்து ரிமோட்டின் ஒளியைப் பிரித்தறிய இந்த ஊர்தி அலைவெண் உதவுகின்றது. கணினிப் பக்கத்தில் உள்ள மூன்று கால் ஏற்பிச் சில்லு ஊர்தி அலையை வடிகட்டிவிட்டு, "ஒளி உண்டு", "ஒளி இல்லை" என்ற இரு நிலைகளை மட்டும் வெளியிடும். எனவே கருனியிடம் வந்து சேர்வது ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு நிலையும் எத்தனை மைக்ரோநொடி நீடித்தது என்னும் எண்களின் வரிசை.

அந்த எண்களுக்குப் பொருள் தருவது நெறிமுறை ஆகும். பரவலாகக் காணப்படும் என்ஈசி நெறிமுறையில் ஊர்தி அலைவெண் 38 கிலோஹெர்ட்ஸ். முதலில் 9 மில்லிநொடி துடிப்பு, அடுத்து 4.5 மில்லிநொடி இடைவெளி, அதன்பின் 32 பிட்டுகள் வரும். ஒவ்வொரு பிட்டும் 562.5 மைக்ரோநொடி துடிப்புடன் தொடங்கும். அதனைத் தொடரும் இடைவெளி 562.5 மைக்ரோநொடி எனில் அது சுழியம், 1687.5 மைக்ரோநொடி எனில் ஒன்று. முகவரிக்கு 8 பிட்டுகள், அவற்றின் தலைகீழ் 8 பிட்டுகள், கட்டளைக்கு 8 பிட்டுகள், அவற்றின் தலைகீழ் 8 பிட்டுகள் என அமைவதால் 16 சுழியங்களும் 16 ஒன்றுகளும் எப்போதும் இருக்கும். ஆகவே எந்தப் பொத்தானை அழுத்தினாலும், இறுதித் துடிப்பு நீங்கலாக, சைகையின் நீளம் 67.5 மில்லிநொடியே. தலைகீழ் பிட்டுகள் பொருந்தாவிடில் சைகை பழுதானது என்று அறிந்து தள்ளிவிடலாம். எனினும் 256 முகவரிகள் போதாமற் போனதால், பின்னர் வந்த பல ரிமோட்டுகள் முகவரியின் தலைகீழை விட்டுவிட்டு அவ்விடத்தையும் முகவரியாகவே பயன்படுத்தின. கருனியின் பொருள்விளக்கி இவ்விரு வழக்கங்களையும் ஏற்கவேண்டியுள்ளது.

பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆர்சி-5 நெறிமுறை முற்றிலும் வேறு முறையைப் பின்பற்றுகின்றது. 36 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி, 1.778 மில்லிநொடி நீளமுள்ள 14 பிட்டுகள், ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் ஒரு நிலைமாற்றம் என்பது அதன் அமைப்பு. சோனி, ஜேவிசி, சான்யோ, ஷார்ப் ஆகியவற்றுக்கும் தனித்தனி நெறிமுறைகள் உண்டு.

இவை அனைத்திலும் ஒரு பொதுக் குறை இருக்கின்றது. பொத்தானிலிருந்து விரல் எடுக்கப்பட்டது என்பதை ரிமோட் எப்போதும் அறிவிப்பதில்லை. விசைப்பலகையில் அழுத்தமும் விடுப்பும் தனித்தனிச் சைகைகள், ரிமோட்டிலோ விடுப்பு என்பது வெறும் மௌனம். எனவே குறிப்பிட்ட நேரம் எதுவும் வராவிடில் பொத்தான் விடப்பட்டதாகக் கருனியே முடிவு செய்கின்றது. நேரத்தை மிகக் குறைத்தால், ஒரு மீள்சைகை தவறினாலும் ஒரே அழுத்தம் இரண்டாகப் பதிவாகும். மிகக் கூட்டினால், ஒலியளவு விரல் எடுத்த பின்னும் ஏறிக்கொண்டே போகும். நெடுங்காலம் எல்லா நெறிமுறைகளுக்கும் 250 மில்லிநொடி என்ற ஒரே அளவு வழங்கியது. பின்னரே நெறிமுறைக்கு ஏற்ற அளவுகள் புகுத்தப்பட்டன. பயனர் கண்ணுக்குப் படுவது இத்தகைய சிறு எண்களின் விளைவுதான்.

வன்பொருளும் நேரக்கணக்கும்

யூஎஸ்பி வழி இணையும் ஏற்பிகளில் உள்ள நுண்கட்டுப்படுத்தியே துடிப்புகளை அளந்து எண்களாக அனுப்பிவிடும். மைக்ரோசாஃப்டின் மீடியா சென்டர் ரிமோட்டுகளுக்காகப் பல நிறுவனங்கள் தயாரித்த ஏற்பிகள் இவ்வகையின. ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளில் ஏற்பிச் சில்லை நேரடியாக ஒரு பொது உள்ளீட்டு ஊசியில் இணைப்பதுண்டு. அங்கு ஒவ்வொரு நிலைமாற்றத்துக்கும் நுண்செயலி ஒரு குறுக்கீட்டைப் பெறும். ஒரு என்ஈசி சைகையில் இறுதித் துடிப்பையும் சேர்த்து 34 துடிப்புகள் உள்ளன, எனவே 68 குறுக்கீடுகள். மின்சேமிப்புக்காக நுண்செயலி ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தால், விழித்தெழும் தாமதமே துடிப்பின் அளவைப் பிழையாக்கிவிடக்கூடும். சைகை வரும் பொழுது மட்டும் ஆழ்ந்த உறக்கத்தைத் தடுக்கும் அமைப்பு இதனாலேயே அவ்வியக்கியில் சேர்க்கப்பட்டது.

அனுப்புவது பெறுவதினும் கடினம். 38 கிலோஹெர்ட்ஸ் ஊர்தியின் ஒரு சுற்று ஏறத்தாழ 26 மைக்ரோநொடி. வெறும் ஊசியைக் கொண்டு இதனை உருவாக்கும் இயக்கி, அனுப்பும் நேரம் முழுவதும் அந்த நுண்செயலிக் கருவில் குறுக்கீடுகளை நிறுத்திவைக்கின்றது. துடிப்பகலப் பண்பேற்ற வன்பொருளைப் பயன்படுத்தும் இயக்கிக்கு ஊர்தி எளிது. ஆனால் துடிப்பு எப்போது தொடங்கி எப்போது முடியவேண்டும் என்பது கருனியின் பணித்திட்டமிடலைப் பொறுத்திருந்தது. 2024 மார்ச்சில் வெளிவந்த 6.8 பதிப்பில், நுண்ணிய நேரங்காட்டியின் குறுக்கீட்டிலிருந்தே துடிப்பைத் தொடங்கி முடிக்கும் வழி செய்யப்பட்டது. வீட்டுக் குளிரூட்டியைக் கணினி வழி இயக்க முயலும் ஒருவருக்கு, கட்டளை ஒருமுறை ஏற்கப்பட்டு மறுமுறை புறக்கணிக்கப்படுவதன் காரணம் இத்தகைய சில நூறு மைக்ரோநொடிப் பிழையாக இருக்கக்கூடும்.

கருனிக்கு வெளியே கழிந்த ஆண்டுகள்

லினக்ஸில் ரிமோட்டுகளுக்கான முதல் பெரும் முயற்சி, 1990களின் இறுதியில் தொடங்கிய எல்ஐஆர்சி திட்டமாகும். அதன் இயக்கிகள் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கருனி மூலநிரலுக்கு வெளியிலேயே இருந்தன. இதனால் விளைந்த இடர்ப்பாட்டைப் புரிந்துகொள்ள ஒரு செய்தியை அறிதல் வேண்டும். கருனி, பயனர் நிரல்களுக்கு வழங்கும் இடைமுகத்தை உடைப்பதில்லை என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் கண்டிப்புடன் பின்பற்றும் விதி. ஆயின் கருனியின் உள் இடைமுகங்களுக்கு அவ்வுறுதி இல்லை. அவை பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். மாற்றுபவரே கருனிக்குள் உள்ள எல்லா இயக்கிகளையும் திருத்தித்தர வேண்டும், வெளியே உள்ளவற்றை எவரும் திருத்தமாட்டார். ஆகவே ஏறத்தாழ பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய கருனி வெளிவரும்போதெல்லாம் வெளி இயக்கி உடையும் வாய்ப்பு இருந்தது.

2009 இறுதியில், இவ்வியக்கிகளை உள்ளே சேர்ப்பது குறித்து நெடிய விவாதம் எழுந்தது. ரிமோட்டும் ஒரு விசைப்பலகையே, எனவே பொருள்விளக்கம் கருனிக்குள் நிகழ்ந்து விசையழுத்தமாக வெளிவர வேண்டும் என்றனர் ஒரு சாரார். உலகில் உள்ள எண்ணற்ற ரிமோட்டுகளுக்குக் கருனியில் இடமளிக்க இயலாது, துடிப்புகளை அப்படியே பயனர் நிரலிடம் தந்துவிடலாம் என்றனர் மறுசாரார். இரண்டும் ஏற்கப்பட்டன. மவுரோ கார்வால்யோ சேஹாப் வடிவமைத்த அகச்சிவப்பு உள்ளகம் பரவலான நெறிமுறைகளைக் கருனிக்குள் விளக்கியது. ஜாரட் வில்சனின் உழைப்பால் எல்ஐஆர்சி இடைமுகம் 2010 அக்டோபரில் வெளியான 2.6.36 பதிப்பில் இடம்பெற்றது. பழைய எல்ஐஆர்சி இயக்கிகள் பல, தரம் குறைந்த நிரல்களுக்கான காத்திருப்பு அறை போன்ற ஸ்டேஜிங் அடைவில் வைக்கப்பட்டன. அவற்றுள் சில புதிய அமைப்புக்கு மாற்றி எழுதப்பட்டு வெளிவந்தன, பிற நீக்கப்பட்டன. 2018இல் 4.16 பதிப்புடன் இந்த இடமாற்றம் பெரும்பாலும் நிறைவுற்றது.

அன்றாடப் பராமரிப்பு

பராமரிப்பு என்றவுடன் புதிய சாதனங்களுக்கு இயக்கி எழுதுவதே நினைவுக்கு வரும். உண்மையில் அது சிறுபகுதியே. பராமரிப்பாளர் பிறர் அனுப்பும் ஒட்டுகளைப் படித்து, குறை கூறி, திருத்தம் பெற்று, தம் ஒப்பத்துடன் ஊடகத் துணையமைப்பின் வழியாக மேலே அனுப்புகின்றார். 2010களின் பிற்பகுதியிலிருந்து இப்பகுதியைக் கவனித்து வருபவர் ஷான் யங் ஆவார்.

2020 ஆம் ஆண்டின் ஒரு மாற்றம் இப்பணியின் தன்மையைக் காட்டும். அதுவரை துடிப்பின் நீளம் கருனிக்குள் நானோநொடியிலும், பயனர் இடைமுகத்தில் மைக்ரோநொடியிலும் கணக்கிடப்பட்டது. அகச்சிவப்புக்கு நானோநொடித் துல்லியம் தேவையற்றது. எனவே எங்கும் மைக்ரோநொடியே என மாற்றப்பட்டு 5.10 பதிப்பில் வெளிவந்தது. பயனருக்கு இதனால் எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் எல்லா இயக்கிகளையும் எல்லாப் பொருள்விளக்கிகளையும் தொடவேண்டியிருந்தது. ஓரிடத்தில் ஆயிரத்தால் பெருக்குவதை நீக்க மறந்தால் அந்தச் சாதனம் செயலிழக்கும். அச்சாதனமோ விற்பனையிலிருந்து எப்போதோ மறைந்ததாக இருக்கலாம். பராமரிப்பாளரின் மேசையில் எல்லா ஏற்பிகளும் இருக்க இயலாது. அத்தகைய இடங்களில் நிரல் தொகுக்கப்படுகின்றதா என்று பார்ப்பதும், கண்ணால் கவனமாகப் படிப்பதுமே சோதனை.

பாதுகாப்பு மற்றொரு சுமை. யூஎஸ்பி சாதனம் தன்னைப் பற்றிக் கூறுவதைப் பழைய இயக்கிகள் அப்படியே நம்பின. தவறான விவரம் தரும் போலிச் சாதனங்களைச் சிஸ்காலர் என்ற கருவி உருவாக்கித் தரத் தொடங்கியதும் இவ்வழுக்கள் வெளிப்பட்டன. ஐமான் ஏற்பிகளின் இயக்கியில் 2017இல் கண்டறியப்பட்ட வழுவால், வேண்டுமென்றே வடிவமைத்த ஒரு சாதனத்தைச் செருகினாலே கருனியை நிலைகுலையச் செய்யமுடிந்தது. ரிமோட் இல்லாதவரின் கணினியும் இதிலிருந்து தப்பவில்லை. இயக்கி வட்டில் இருந்தால், உரிய அடையாள எண்ணுடன் சாதனம் செருகப்பட்டதும் அது தானே ஏற்றப்படும்.

ரிமோட்டுகளின் பெருக்கத்துக்கு 2018 ஆகஸ்டில் வெளியான 4.18 பதிப்பு ஒரு வழி கண்டது. பிபிஎஃப் எனப்படும் சிறு நிரலை இயங்கிக்கொண்டிருக்கும் கருனிக்குள் ஏற்றி, அதனையே பொருள்விளக்கியாகப் பயன்படுத்தலாம். ஏற்றுமுன் அது தீங்கற்றது என்று கருனி சரிபார்க்கும். 2009 விவாதத்தின் இரு தரப்புக்கும் இது ஏற்புடையதாயிற்று. விளக்கம் கருனிக்குள் நிகழ்கின்றது, ஆயினும் அரிய ரிமோட்டுக்கான நிரல் கருனியின் மூலநிரலில் இடம்பிடிப்பதில்லை.

ஐஆர்டிஏ நீக்கம்

அகச்சிவப்புத் தரவுக் கழகம் 1993இல் நிறுவப்பட்டது. அதன் ஐஆர்டிஏ நெறிமுறைகள் தொடக்கத்தில் நொடிக்கு 115.2 கிலோபிட் வேகத்தையும், பின்னர் 4 மெகாபிட், 16 மெகாபிட் வேகங்களையும் தந்தன. 1999 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 2.2 பதிப்பில் இதற்கான முழு அடுக்கும் இருந்தது. புளூடூத், வைஃபை ஆகியன பரவியதும் புதிய மடிக்கணினிகளிலிருந்து ஐஆர்டிஏ மறைந்தது. அத்துடன் அந்நிரலைக் கவனிப்போரும் குறைந்தனர். 2017 நவம்பரில் வந்த 4.14 பதிப்பில் அது ஸ்டேஜிங் அடைவுக்கு நகர்த்தப்பட்டது. பொறுப்பேற்க எவரும் முன்வராத நிலையில், 2018 ஜூனில் வெளியான 4.17 பதிப்பிலிருந்து கிரெக் குரோவா-ஹார்ட்மன் அதனை நீக்கினார். வலையமைப்பு அடுக்கில் கவனிப்பாரற்ற நிரல் கிடப்பது அனைத்துப் பயனருக்கும் ஆபத்து என்பதை மறுக்கவியலாது.

எனினும் எல்லாச் சாதனங்களும் கைப்பேசிகளைப் போல இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றப்படுவன அல்ல. நீருக்கடியில் மூழ்குவோர் அணியும் கணிப்பான்களுள் சில, மூழ்கிய ஆழத்தையும் நேரத்தையும் ஐஆர்டிஏ வழியாக மட்டுமே வெளித்தரும். யுவாடெக் நிறுவனத்தின் ஸ்மார்ட், கலிலியோ வரிசைகள் இதற்கு எடுத்துக்காட்டு. இத்தகைய பதிவுகளைப் படித்துச் சேமிக்கும் சப்சர்ஃபேஸ் என்ற கட்டற்ற மென்பொருளை 2011இல் தொடங்கியவர் மூழ்குதலில் ஆர்வமுள்ள லினஸ் டோர்வால்ட்ஸே என்பது சுவையான முரண். பயனர் இடைமுகத்தை உடைக்கலாகாது என்ற விதிக்கு நீக்கம் ஒரு விலக்காக நிற்கின்றது. உடைந்ததைக் கவனித்து முறையிடும் பயனர் உரிய நேரத்தில் இல்லையெனில் விதி செயற்படுவதில்லை.

நீக்கப்பட்ட ஐஆர்டிஏ நிரலைத் தன்னார்வலர்கள் கருனிக்கு வெளியே தனிக்கூறாகத் தொகுத்துப் பயன்படுத்துகின்றனர். கருனியின் உள் இடைமுகம் மாறும்போதெல்லாம் அதனை அவர்களே திருத்திக்கொள்கின்றனர்.